தூக்கம் திரும்பியது, பயம் போகவில்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

"தூக்கம் வந்துடுச்சு மேடம். ஆனா பயம் போகல."

சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது இதுதான். அந்த ஐந்து மாதத்தில் ஒழுங்காகத் தூங்காத இரவுகள் எத்தனை என்று கேட்டேன். யோசிக்காமல் "ஒன்பது" என்றார். ஐந்து மாதத்தில் ஒன்பது இரவு என்பது தூக்கப் பிரச்சினையே இல்லாதவர்களுக்கும் நடக்கக்கூடியது. ஆனால், தூக்கப் பிரச்சினை இல்லாதவர்கள் அதை எண்ணி வைத்திருக்க மாட்டார்கள்.

தூக்கமின்மையிலிருந்து மீள்வது பற்றி நிறையப் பேசுகிறோம். மீண்ட பிறகு வரும் மாதங்களைப் பற்றிப் பேசுவது குறைவு. நான் பார்த்தவரை பலர் தடுமாறுவது அந்த மாதங்களில்தான். அதனால் இவருடைய கதையை, அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதல் சுற்று

வயது 43. கணக்குத் துறையில் வேலை. தணிக்கை நடந்த ஒரு மாதத்தில் அவருடைய அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு வாரம் அலுவலகத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி ஓட்டம். அப்போது தூக்கம் கெட்டது இயல்புதான். அம்மா தேறினார், தணிக்கையும் முடிந்தது. தூக்கம் மட்டும் திரும்பவில்லை. அடுத்த பதினான்கு மாதம் கொட்டக் கொட்ட விழித்திருந்த இரவுகள்.

தூக்க ஆய்வாளர் ஆர்தர் ஸ்பீல்மேன் 1987இல் இதை மூன்று காரணிகளாகப் பிரித்துச் சொன்னார். ஒருவருக்கு இயல்பிலேயே இருக்கும் சாய்வு, பிரச்சினையைக் கிளப்பிவிடும் சம்பவம், அப்புறம் அதை ஓயவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பழக்கங்கள். இவருக்குக் கிளப்பிவிட்டது அம்மாவின் அறுவை சிகிச்சை. பிடித்து வைத்திருந்தவை, விட்ட தூக்கத்தைப் பிடிக்க வேண்டும் என்று அவர் நல்லெண்ணத்தோடு செய்த காரியங்கள்: இரவு ஒன்பது மணிக்கே படுப்பது, விடுமுறை நாளில் பத்து மணிவரை எழாமல் கிடப்பது, மதியம் இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்திருப்பது.

தூக்கத்தில் மூச்சுத் தடை, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றையெல்லாம் மருத்துவர் பார்த்து, இல்லை என்று சொன்ன பிறகுதான் என்னிடம் வந்தார். தூக்கமின்மைத் தீவிர அளவுகோலில் 28க்கு 23. அது தீவிர நிலை.

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத் தொடங்கினோம். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சை அது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டிய சிகிச்சை இதுவே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. படுக்கையில் ஒன்பது மணி நேரம் கிடந்து ஐந்தரை மணி நேரம் தூங்கிக்கொண்டிருந்தவரை, ஐந்தே முக்கால் மணி நேரம் மட்டுமே படுக்கச் சொன்னோம். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கம் என்று ஆனால், அடுத்த வாரம் பதினைந்து நிமிடம் கூடும். தூக்கம் வராமல் தவித்தால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும், கண்ணைச் சொருகும்போதுதான் திரும்ப வேண்டும். உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் முன்வைத்த முறை அது. முதல் இரண்டு வாரம் அவர் அழுதுகொண்டேதான் வந்தார். மூன்றாவது வாரம் தூக்கம் பிடித்துக்கொண்டது. மருத்துவரின் மேற்பார்வையில் தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஏழு அமர்வுகள் முடிந்தபோது ஏழரை மணி நேரம் படுத்து ஆறே முக்கால் மணி நேரம் தூங்கினார். அளவுகோலில் 6. கோப்பை மூடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது

அடுத்த தணிக்கை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதே அளவுகோலை மறுபடியும் நிரப்பித் தந்தார். மொத்தம் 7. அந்த அளவுகோலின்படி 7 வரை தூக்கமின்மை இல்லை என்றே பொருள். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்திருந்தால், "நன்றாகத்தானே இருக்கிறீர்கள்" என்று அனுப்பியிருப்பேன்.

ஏழு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். தூக்கம் பிடிப்பது 0. இடையில் விழிப்பது 1. அதிகாலையில் விழிப்பது 0. திருப்தி 2. பகல் வேலை பாதிப்பது 0. மற்றவர் கண்ணுக்குத் தெரிவது 0. கடைசிக் கேள்வி, தூக்கத்தைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறீர்கள் என்பது. அதில் 4. அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. நோய் முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் போய் ஒடுங்கியிருந்தது.

அவருடைய ஒரு நாளைக் கேட்டேன். காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தில் தூக்க மதிப்பெண்ணைப் பார்க்கிறார். 80க்கு மேல் என்றால் நிம்மதி. குறைந்தால் அன்றைக்கு முக்கியமான வேலை எதையும் கையில் எடுப்பதில்லை. பகல் ஒரு மணிக்கு மேல் காப்பி கிடையாது. மாலை ஆறு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் போவதில்லை. ஒன்பது மணிக்கு வீட்டு விளக்குகளைக் குறைக்கிறார். காதடைப்பான். கணவர் வேறு அறையில் படுக்கிறார். ஐந்து மாதமாக ஒரு வெளியூர்ப் பயணம்கூட இல்லை.

அப்புறம் சற்றுத் தயங்கிவிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய தூக்க மாத்திரை. பத்துக் குழியில் எட்டு காலி, இரண்டு மிச்சம். தலையணை உறைக்குள் வைத்திருந்தாராம். நிறுத்தியதிலிருந்து ஒன்றைக்கூட விழுங்கவில்லை. இருட்டில் கையை உள்ளே விட்டு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதோடு சரி. பின்பக்க அலுமினியத் தாளில் அச்சடித்திருந்த எழுத்துகள், மிச்சமிருந்த அந்த இரண்டு மாத்திரைகளின் மேல் மட்டும் தேய்ந்து அழிந்துபோயிருந்தன. காலிக் குழிகளுக்குப் பக்கத்தில் எழுத்து அப்படியே இருந்தது. எத்தனை இரவு கட்டைவிரலால் தடவியிருந்தால் அச்சு அப்படி அழியும் என்று யோசித்தேன். ஒருவருடைய பயத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றும் இருந்தது. மூன்று நோட்டுப் புத்தகங்கள். கடைசி அமர்வில் நான், "வேண்டுமானால் தூக்கக் குறிப்பேட்டைத் தொடருங்கள்" என்று சொல்லியிருந்தேன். போகிற போக்கில் சொன்னது. அவர் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். சிகிச்சையின்போது அவசியமான கருவி அது. நலமான பிறகு, தினமும் காலையில் நோயைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பது மாதிரி ஆகிவிட்டது. அது என் தவறு. இப்போதெல்லாம் கடைசி அமர்விலேயே குறிப்பேட்டை மூடி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

பயம் ஏன் தங்கிவிடுகிறது

"நல்லாத் தூங்குறப்பவே பயமா இருக்குன்னா, எனக்கு உள்ள ஏதோ சரியாகலைன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டார். நலமாகி வருபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது.

பாவ்லவ் நாய்களிடம் கண்டதிலிருந்தே இதற்குப் பதில் கிடைக்கிறது. மணியோசையோடு உணவு தரப் பழக்கினால், மணி கேட்டதும் எச்சில் ஊறும். பிறகு உணவு தராமல் மணியை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால், எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால், கொஞ்ச காலம் கழித்து அதே மணியை அடித்தால் திடீரென்று மறுபடி ஊறும். பழையது அழிவதில்லை, அதன்மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். இந்தப் புதிய பாடம் படித்த இடத்தையும் சூழலையும் ஒட்டியே வேலை செய்கிறது என்பதை உளவியலாளர் மார்க் பௌட்டன் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

இவர் 'படுக்கை என்றால் தூக்கம்' என்ற புதிய பாடத்தைப் படித்தது தன் வீட்டில், தன் அறையில், விளக்கைக் குறைத்து, காதை அடைத்துக்கொண்டு. வேறு ஊர், வேறு கட்டில், தணிக்கை மாதம் என்று சூழல் மாறினால் பழைய பாடம் எட்டிப் பார்க்கும். உள்ளே ஏதோ பழுது என்பதற்கு அது அடையாளம் ஆகாது. மூளை பழையதை மறக்காமல் இருப்பது அதன் வேலை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாமல் இருப்பது எதனாலோ, அதனால்தான் இதுவும்.

ஆனால், பயம் எட்டிப் பார்ப்பது வேறு, தங்கிவிடுவது வேறு. தங்க வைப்பது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, கண்காணிப்பு. விளக்கை அணைத்ததும் இவர் மனம் "வருதா? வருதா?" என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தூக்கம் பிடிக்கிற தருணத்தில் உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, பெரும்பாலோருக்கு வரும் அந்தச் சாதாரணக் குலுக்கல் வந்தால், "ஐயோ, வந்த தூக்கம் கலைஞ்சுடுச்சு" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தக் கவனிப்பே விழிப்பைத் தூண்டுகிறது என்று உளவியலாளர் ஆலிசன் ஹார்வி 2002இல் விளக்கினார். தூக்க ஆய்வாளர் கோலின் எஸ்பியும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்: கவனம், நோக்கம், முயற்சி என்று படிப்படியாக ஏறி, தானாக நடக்க வேண்டியது நடக்காமல் போகிறது. நன்றாகத் தூங்குகிறவரிடம், "எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

இன்னொன்று, காப்புகள். காதடைப்பான், இருட்டு, மாலை ஆறு மணி எல்லை, தலையணைக்குள் மாத்திரை. இவற்றோடு நன்றாகத் தூங்கும் ஒவ்வொரு இரவும், "இவை இருந்ததால்தான் தப்பித்தேன்" என்ற நம்பிக்கையையே வளர்க்கிறது. நூற்று நாற்பது நல்ல இரவுகளுக்குப் பிறகும் பயம் குறையாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். அந்த இரவுகளின் பெருமை முழுவதும் மாத்திரை அட்டைக்குப் போய்விட்டது. அவருடைய உடம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

என்ன செய்தோம்

முதல் நாளே நோட்டை நிறுத்தச் சொன்னேன். கடிகாரத்தை இரவில் கழற்றி வைக்கச் சொன்னேன். மணிக்கட்டில் கட்டும் கருவிகள் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத் தூக்கத்தைக் கணிக்கின்றன. மூளையின் மின்னலைகளை அவை அளப்பதில்லை. அசையாமல் விழித்துக் கிடப்பதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. இப்படிக் கருவி காட்டும் எண்ணைத் துரத்தித் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பற்றி உளவியலாளர் கெல்லி பேரனும் சகாக்களும் 2017இல் எழுதி, அதற்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயரே வைத்தார்கள். இவருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தன் அவஸ்தைக்குப் பெயர் இருக்கிறது, வேறு பலரும் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்பதே அவருக்கு ஆறுதல்.

பிறகு காப்புகளை, விடுவதற்குச் சுலபமானதிலிருந்து கடினமானதுவரை வரிசைப்படுத்தினோம். ஒவ்வொன்றையும் விடும் முன், என்ன நடக்கும் என்று நினைக்கிறார் என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். மறுநாள் மாலை, நடந்ததை எழுத வேண்டும். காலையில் எழுதக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கண் விழித்த முதல் பத்து நிமிடத்தில் யாருக்கும் உடம்பு கனமாகத்தான் இருக்கும். அதை வைத்து நாள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

ஒரு தோழி வீட்டில் இரவு விருந்து. அவர் எழுதிய கணிப்பு: "பதினோரு மணிக்குத் திரும்பினால் நான்கு மணி நேரம்கூடத் தூங்க மாட்டேன். மறுநாள் வேலையில் தப்பு வரும். 80 சதவீதம் உறுதி." நடந்தது: ஒரு மணிக்கு மேல்தான் தூக்கம் பிடித்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தூங்கினார். மறுநாள் மதியம் கொஞ்சம் மந்தம். தப்பு எதுவும் வரவில்லை. அன்று இரவு பத்தரைக்கே அசந்து தூங்கிவிட்டார்.

இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விருந்துக்குப் போய்வந்தும் எட்டு மணி நேரம் தூங்கியிருந்தால், "தூக்கம் கெடாது" என்ற பாடம்தான் கிடைத்திருக்கும். அந்தப் பாடம் அடுத்த மோசமான இரவிலேயே உடைந்துபோகும். கெட்டது, கெட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

மறுநாள் சீக்கிரம் தூக்கம் வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. தூக்கத்தை நடத்துபவை என்று தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் சொன்ன இரண்டு இயக்கங்களில் ஒன்று அது: விழித்திருக்கும் நேரம் கூடக் கூடத் தூக்கத்துக்கான அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். "அப்போ நான் இழந்த பதினாலு மாசத்துக்கு என்ன ஆகும்?" என்று ஒருமுறை கேட்டார். ராண்டி கார்ட்னரைப் பற்றிச் சொன்னேன். 17 வயதில், 1963 டிசம்பரிலிருந்து 1964 ஜனவரி வரை தொடர்ந்து 264 மணி நேரம் விழித்திருந்த மாணவர். யாரும் செய்யக்கூடாத சோதனை அது. ஆனால் முடிவில் அவர் முதல் இரவு தூங்கியது சுமார் பதினாலரை மணி நேரம்தான். சில நாளில் வழக்கமான தூக்கத்துக்குத் திரும்பிவிட்டார். உடம்பு மணிக்கு மணி கணக்குப் போட்டுக் கடனை வசூலிப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டிச் சரிசெய்துகொள்கிறது. கணக்குத் துறையில் இருப்பவருக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஐந்தாவது வாரம், வேண்டுமென்றே ஒரு மோசமான இரவை ஏற்பாடு செய்தோம். மறுநாள் வண்டி ஓட்டவோ, கூர்ந்த கவனம் வேண்டிய வேலை செய்யவோ தேவையில்லாத ஒரு வெள்ளிக்கிழமை. மூன்று மணிவரை விழித்திருந்து, வழக்கமான நேரத்தில் எழ வேண்டும். வலிப்பு நோயோ, மனநிலை மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறோ உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. இவருக்கு இரண்டும் இல்லை என்பதை முன்பே உறுதிசெய்திருந்தோம். தூங்காமல் இருக்க முயல்வதை மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 'முரண் நோக்கம்' என்ற உத்தியாகச் சொல்லியிருக்கிறார். என் நோக்கம் அதோடு நிற்கவில்லை. பதினான்கு மாதம் அவரைத் துரத்திய அந்த இரவை, அவரே கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கே கண்ணைச் சொருகியதாம். எழுந்து நடந்து, அலமாரியை அடுக்கி, எப்படியோ மூன்றைத் தொட்டிருக்கிறார். "மேடம், விழிச்சிருக்கறது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். சொல்லிவிட்டு அழுதார். முதல் சுற்றில் பார்த்த அழுகை இல்லை இது.

சறுக்கல்

தணிக்கை தொடங்கிய வாரம் அடுத்தடுத்து மூன்று இரவு தூக்கம் போனது. நான்காம் நாள் காலை போன் செய்தார். குரலைக் கேட்டதுமே புரிந்தது. தானாகவே பழைய அட்டவணையை எடுத்து, படுத்திருக்கும் நேரத்தை ஐந்தே முக்கால் மணி நேரமாகச் சுருக்கியிருந்தார். காதடைப்பான் திரும்பிவிட்டது. இரண்டு சந்திப்புகளை ரத்து செய்துவிட்டார். மாத்திரை அட்டை மறுபடி தலையணைக்குள்.

அவர் கேட்டது ஒரே கேள்வி: "இப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றேன். சிகிச்சை அளிப்பவர் வாயால் சொல்லக் கஷ்டமான வாக்கியம் இது. எதிரில் ஒருவர் பதறும்போது ஏதாவது ஒரு உத்தியைக் கையில் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் மூன்று இரவுக்கு மருந்தாக எதைக் கொடுத்தாலும், மூன்று இரவு ஒரு நோய் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகும். வாரத்துக்கு மூன்று இரவாவது என்று மூன்று மாதம் நீடித்தால்தான் அதைத் தூக்கமின்மைக் கோளாறு என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு. வேலைப்பளு ஏறிய வாரத்தில் மூன்று இரவு தூங்காதது, வேலைப்பளு ஏறியதன் அடையாளம் மட்டுமே.

ஒரு எல்லையை மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். இரண்டு மூன்று வாரம் இப்படியே போனால், எழும் நேரத்தை நிலையாக்குவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுவது என்ற இரண்டை மட்டும் மறுபடி எடுக்கலாம். அதுவரை ரத்து செய்த சந்திப்புகளுக்குப் போக வேண்டும், வழக்கமான நேரத்தில் படுக்க வேண்டும். பயம் வந்தால் வரட்டும், அதைத் துரத்த வேண்டாம். எழுந்து உட்கார்ந்து பிடித்த புத்தகத்தைப் படிக்கலாம், அதுவும் தூக்கத்தை வரவழைப்பதற்காக அல்ல, பிடித்த புத்தகம் என்பதற்காக. இந்த வேறுபாடு வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. செய்பவருக்கு மட்டுமே தெரியும். பயத்தைச் சமாளிப்பதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆறாவது நாள் தூக்கம் பிடித்தது. அவர் போன் செய்து சொல்லவில்லை. அடுத்த அமர்வில் நான் கேட்டபோதுதான் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து

மாத்திரை அட்டையை அவர் தூக்கிப்போடவில்லை. தூக்கிப்போடுவதை ஒரு சடங்காக்கினால் அதற்கும் ஒரு சக்தி வந்துவிடும் என்று இருவருமே நினைத்தோம். முதலில் தலையணையிலிருந்து அலமாரிக்குப் போனது. பிறகு வீட்டு மருந்துப் பெட்டிக்கு. கடைசியில் காலாவதியான மற்ற மருந்துகளோடு சேர்த்து மருந்துக் கடையில் ஒப்படைத்துவிட்டாராம். எந்தத் தேதி என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.

காதடைப்பானை இன்னும் சில நாள் போடுகிறார், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் நாட்களில். நாய்க்காகப் போடுகிறார், பயத்துக்காகப் போடவில்லை. அதனால் அதை விடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. கணவர் அறைக்குத் திரும்பிவிட்டார். மாலைக் காப்பி எப்போதாவது உண்டு. இரண்டு முறை வெளியூர் போய்வந்திருக்கிறார். முதல் பயணத்தில் சரியாகத் தூங்கவில்லை. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் மெலிவது பெரும்பாலோருக்கு உள்ளதுதான்.

அளவுகோலைக் கடைசியாக ஒருமுறை நிரப்பினார். மொத்தம் 6. ஏழிலிருந்து ஆறு. காகிதத்தில் பார்த்தால் ஆறு மாத உழைப்புக்கு ஒரே ஒரு மதிப்பெண். தூக்கம் பிடிப்பதில் 1 கூடியிருக்கிறது, முன்பு 0. இடையில் விழிப்பது 2, முன்பு 1. பகல் வேலையில் 1, முன்பு 0. திருப்தி 1. கவலைப்படும் கேள்வியில் 1. பயந்துகொண்டிருந்தபோது தூங்கியதைவிட இப்போது ஒரு சொட்டுக் குறைவாகவே தூங்குகிறார் என்றுகூடச் சொல்லலாம். விருந்து, பயணம், பின்னிரவுப் பேச்சு என்று வாழ்க்கைக்குள் திரும்பிவிட்டவரின் தூக்கம் அப்படித்தான் இருக்கும்.

அம்மாவின் உடல்நிலை, அலுவலகத்தில் வந்திருக்கும் புதுப் பொறுப்பு என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போன செவ்வாய்க்கிழமை மூணு மணி நேரம்தான் தூங்கினேன். உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன், மறந்தே போச்சு."